சேவலுக்கு முன்னால் ஒரு முறம்

சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு மூங்கில் முறம் தொங்குகிறது. அதன் அடிப்பக்கம் முழுக்கச் சிறு துளைகள். எங்கள் சேவலின் கால்முள் போட்டவை. போடக் கற்றுக்கொடுத்தவன் நான்.

எண்ணூர்த் தொழிற்சாலையிலிருந்து நான் ஓய்வு பெற்றதும், திருவொற்றியூர் வீட்டின் பின்புறம் கோழி வளர்க்கத் தொடங்கினாள் என் மனைவி. ஒரு சேவல், ஏழெட்டுப் பெட்டைகள். சேவல் குஞ்சாக இருந்தபோது நான் விரல்களை மடக்கி அதன் மார்பில் லேசாகக் குத்துவேன். அது சிலிர்த்துக்கொண்டு பாயும். குத்துச்சண்டை பார்த்து வளர்ந்த பேட்டை அல்லவா, பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் தலையை நீட்டி, "இன்னா சார், ஆளு எத்தினி ரவுண்டு தாங்குவான்?" என்பார். எனக்குப் பெருமையாக இருக்கும். அவள்தான், "வாணாம்யா. நீ வெளாடுற, அது இன்னா நெனச்சிக்கினு கீதோ!" என்றாள்.

சண்டை என்றுதான் நினைத்திருக்கிறது. மனிதர்களையும் தன் பெட்டைகளைப் பறிக்க வரும் சேவல்களாக எண்ண அதைப் பழக்கிவிட்டிருந்தேன். வளர்ந்ததும் ஒருநாள், முட்டை எடுக்கப் போனவளை ஒரு சிறகைத் தாழ்த்திச் சுற்றிவந்து, கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. சர்க்கரை நோய்க்காரி. புண் ஆற மாதங்கள் ஆயின. "நீ பயந்து ஓடினால் அது துரத்தத்தான் செய்யும்" என்றேன். அந்தப் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டே சொன்னேன். எழுதவே கூசுகிறது.

அறுத்துவிடலாம் என்று சொன்னதும் நானே.

"நீ சொல்லிக்குட்த்தத அது பண்ணுது. அத்த அறுத்துட்டு உன்ன இன்னா பண்றதாம்?"

அதன்பிறகு குத்துவதை நிறுத்தினேன். அது சிறகைத் தாழ்த்தும்போது அடிக்கவும் இல்லை, பின்வாங்கவும் இல்லை; பழைய தொழிற்சாலை பூட்ஸோடு அசையாமல் நிற்பேன். அடங்கியதும் மெல்லத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, அதன் நெஞ்சுத் துடிப்பு தணியும்வரை நடப்பேன். பனிக்காலம் முடிவதற்குள் பாய்வதை மறந்துவிட்டது. தீனியைக் கண்டால் தான் கொத்தாமல் பெட்டைகளைக் கூப்பிட்டுத் தின்னவிடும் கனவானாகவும் ஆகிவிட்டது.

அவள் மட்டும், அது பாய்ந்த நாட்களில் தடுக்கப் பிடித்த முறத்தைக் கால்களுக்கு முன்னால் பிடித்துக்கொண்டேதான் கோழிகளிடம் போனாள். இன்னும் எதற்கு என்று கேட்டேன்.

"அது மறந்துட்ச்சி. என் காலு மறக்கலியே."

பிறகு அந்த முறத்திலேயே நொய்யைப் போட்டு, குனிந்து, முழங்காலுக்குக் கீழே ஏந்தி நிற்கப் பழகினாள். சேவல் அதிலிருந்தே தின்றது. ஆனாலும் தன் வீட்டுக்குப் பின்னால் வெறுங்கையோடு நடக்கும் நாள் அவளுக்குத் திரும்பவே இல்லை. போன ஆண்டு அவள் போய்விட்டாள்.

இப்போது தீனி போடுவது நான். நின்றபடி தரையில் இறைத்தால் பெட்டைகள் ஓடி வருகின்றன. சேவல் தள்ளியே நிற்கிறது. முறத்தை எடுத்து, அவள் பிடித்த உயரத்துக்கு நானும் குனிந்து பிடித்தால்தான் வருகிறது. முதுகு வலிக்கிறது. அது தின்று முடிக்கும்வரை நிமிர்வதில்லை.