வென்டல் பார்க்காத நான்கு நிமிடம்

நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டுவிட்டு, எண்ணிப் பார்த்து, வென்டல் ப்ருஸ்கா மட்டும் சுவரோரம் போய் நின்றுகொள்வார். சனிக்கிழமை காலை பத்து மணி, ஹார்லன் ஃபால்ஸ் ஊர் நூலகத்தின் கீழ்த்தளத்தில் நாங்கள் கூடிப் பழைய தொலைக்காட்சித் தொடர் பார்க்கும் நேரம். "உக்காந்து பார்த்தா கதை வயித்துக்குப் போயிடும். நின்னு பார்த்தாத்தான் தலைக்கு ஏறும்" என்பது அவர் கட்சி. நின்றபடியே மூன்று டோனட் தின்றுவிடுவார். அது எங்கே போகிறது என்று நாங்கள் கேட்பதில்லை.

எழுபது வயது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர்களைப் பழுது பார்ப்பது தொழில். ஓய்வு பெற்றுவிட்டதாகச் சொல்லிக்கொள்வார். ஜனவரிக் குளிரில் யாராவது கூப்பிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கதைகளையும் அதே கண்ணால்தான் பார்ப்பார். பிடிக்காத கதை வந்தால், "இதுல புகை போகவே வழி இல்லையேப்பா, மூச்சு முட்டிச் சாகுது" என்பார்.

நாங்கள் பார்ப்பது 'ஏழாவது திசை'. அறுபதுகளின் தொடக்கத்தில் வாராவாரம் வந்த கறுப்பு வெள்ளைத் தொடர். ஒவ்வொரு வாரமும் ஒரு தனிக் கதை: வேற்றுக்கிரகம், காலம் தப்பிய மனிதர்கள், பேசும் இயந்திரம். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. கடைசிக் காட்சிக்கு முன் வென்டல் படத்தை நிறுத்துவார். முடிவு என்ன என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் மனப்பாடம்தான், ஆனாலும் "எனக்குத்தான் தெரியுமே" என்று சொல்லக்கூடாது. இன்னொரு சட்டம், எண்பதுகளில் உள்ளூர்த் தொலைக்காட்சி மறுஒளிபரப்பு செய்தபோது அவர் பதிவு செய்த கேசட்டில்தான் பார்க்க வேண்டும். கடையில் விற்கும் டிஸ்க் உதவாது. "அதெல்லாம் மெருகு போட்டது. என்கிட்ட இருக்கறதுதான் அசல்!"

அந்த அசலால்தான் ஆர்லோ டீட்ஸ் எங்கள் குழுவை விட்டுப் போனான். வென்டலின் ஆப்த நண்பன், இரண்டு தெரு தள்ளி வீடு. சண்டை நாற்பத்தேழாவது கதையைப் பற்றி. விண்வெளிக்குப் போனவன் தொண்ணூறு நாளில் திரும்புகிறான். பூமியில் ஐம்பது வருடம் ஓடிவிட்டது. தன் வீட்டு வாசலில், கதவைத் தட்டக் கையை உயர்த்தியபடி நிற்கிறான். கேசட்டில் அத்தோடு முடிகிறது. "அவன் தட்டவே மாட்டான். தட்டத் தைரியம் இல்ல. அதுதான் கதையே!" என்று வென்டல் வருடக்கணக்காகச் சொல்லிவந்தார். பதினொரு வருடத்துக்கு முன் ஆர்லோ மறுத்தான்: "இல்லப்பா. முதல் தடவை வந்தப்போ எனக்குப் பத்து வயசு, எங்கப்பா பக்கத்துல உக்காந்து பார்த்தேன். கதவு திறந்துச்சு. எங்கப்பா அழுதாரு."

"உங்கப்பா குடிச்சிட்டு அழுதிருப்பாரு" என்றார் வென்டல்.

ஆர்லோ எழுந்து போனவன்தான். அவன் வீட்டு ஹீட்டரைப் பார்க்க இப்போது பக்கத்து ஊரிலிருந்து ஆள் வருகிறது. அந்த வண்டி தெருவில் நிற்கும் நாளில் வென்டல் யாரோடும் பேசமாட்டார்.

மறுஒளிபரப்பில் விளம்பரத்துக்கு இடம் பண்ண நான்கு நிமிடத்தை வெட்டிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். டிஸ்க் வாங்கி வீட்டில் பார்த்திருந்தேன். சொல்ல வாய் வரவில்லை. என் கோழைத்தனம், வேறென்ன. ஆர்லோவிடம் ஒருமுறை, டிஸ்க்கைக் கொண்டுபோய் வென்டலிடம் காட்டு என்றேன். "டிஸ்க்கை யார் வேணா நம்புவாங்க. அவன் என்னை நம்பியிருக்கணும்" என்றான்.

போன மாதம் நாற்பத்தேழாவது கதையின் நாள். பாதியில் கேசட் சிக்கி, நாடா கொத்தாக வெளியே வந்துவிட்டது. எங்களில் ஒருத்தி, முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டிய லொரெட்டா, கைப்பையிலிருந்து டிஸ்க்கை எடுத்தாள். "இன்னிக்கு ஒரு நாள் மெருகு போட்டதைப் பாரேன், கண்ணு போயிடாது."

வென்டல் முறைத்தார், தடுக்கவில்லை. கதை வாசலுக்கு வந்தது. நிறுத்துவதற்காக அவர் கையை நீட்டுவதற்குள் திரையில் இருந்தவன் தட்டிவிட்டான். தாழ்ப்பாள் விலகியது. கிழவியாகிவிட்ட மனைவி அவனை மேலும் கீழும் பார்த்து, "சூப் ஆறிப்போச்சு, உள்ள வா" என்றாள். எனக்கு வென்டலைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"திரும்பப் போடு" என்றார். லொரெட்டா போட்டாள். முடிந்ததும் அவர் போனை எடுத்து எண்ணை அழுத்தினார், தேட வேண்டியிருக்கவில்லை. எதிர்முனையில் ஆர்லோ, "யாரு?" என்றது எங்களுக்கே கேட்டது. வென்டல் மறுபடி போடச் சொல்லி லொரெட்டாவுக்குச் சைகை காட்டிவிட்டு, போனைத் தொலைக்காட்சியின் ஒலிபெருக்கியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார். தட்டும் சத்தம், தாழ்ப்பாள், கிழவியின் குரல். நான்கு நிமிடமும் கை மாற்றவில்லை. ஆர்லோவும் போனை வைக்கவில்லை.

பிறகு காதில் வைத்தார். "உங்கப்பா இதைப் பார்த்துத்தான் அழுதாரு, ஆர்லோ."

அதைச் சொல்லும்போது, இன்னொரு கையால் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.