அத்தையை இடித்த கார்

எங்கள் வீட்டில் யாரையாவது சைக்கிள் உரசினால்கூட நான் ஆட்டோவைக் கூப்பிட்டுவிடுவேன். வண்டி நம்பரை எழுது, இடித்தவர் பேரைக் கேள், வலிக்கவில்லை என்றாலும் எக்ஸ்ரே எடு, ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக வை என்று நான் போடுகிற கூச்சலில் அடிபட்டவருக்கு அடிபட்டதே மறந்துபோகும். ஒருமுறை என் மகன் பள்ளிக்கூட வாசலில் ஸ்கூட்டர் இடித்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்து, "அம்மாகிட்ட சொல்லிடாதீங்கப்பா" என்று அவன் அப்பாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். அது என் காதில் விழுந்ததும் எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ, அடிபட்ட பிள்ளையையே அடித்துவிட்டேன். அப்பாவும் பிள்ளையும் விழித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்களுக்கு என் அத்தையின் கதை தெரியாது.

அத்தை என் அப்பாவின் தங்கை. அவளைப் பெற்றவர்கள் நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால், அவளுக்கு அப்பா அம்மா எல்லாமே என் அப்பா அம்மாதான். எண்பதுகளின் நடுவில், அவளுக்குப் பத்தொன்பது வயதும் எனக்கு எட்டு வயதும் ஆகியிருந்தபோது நடந்தது இது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பெரிய ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ரோட்டோரமாகவே கொஞ்ச தூரம் நடந்து, மண்பாதையில் திரும்பி இரண்டு மைல் போனால் எங்கள் ஊர்.

வல்லத்துப் பக்கத்திலிருந்து வெள்ளிக்கிழமை அத்தையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முன் இரண்டு வீட்டார் வந்து, கேசரியைத் தின்று, 'போய் லெட்டர் போடுகிறோம்' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த லெட்டர் இன்றுவரை வரவில்லை. மூன்றாவது இடமும் தட்டிப்போனால் ராசியில்லாத பெண் என்று பேர் வந்துவிடும் என்று அம்மா பயந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்த நிலமும் பம்புசெட்டும் இருந்ததால் அப்பா அதைவிட அதிகமாகப் பயந்தார்.

புதன்கிழமையன்று டெய்லரிடம் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க நானும் அத்தையும் திண்டிவனம் போய்விட்டு, நல்ல வெயிலில் திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினோம். பங்குனி மாதம், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்கும் காலம். அந்தக் காலத்தில் ரோட்டின் பாதி சர்க்காருக்குச் சொந்தம், பாதி மல்லாட்டைக்குச் சொந்தம். தார் சூட்டில் சீக்கிரம் காயும் என்று ஓரம் முழுக்கப் பரப்பி, வண்டி ஏறாமலிருக்கக் கல்லை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். விளைந்ததை மிதிப்பது பாவம் என்பது எங்கள் ஊரில் எழுத்துக்கு முன்பே கற்றுத்தரும் பாடம். அதனால் காயப் போட்டதைச் சுற்றிக்கொண்டு நடுரோட்டில் நடப்போம். உயிரைவிட மல்லாட்டை பெரியது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் எல்லோரும் அப்படித்தான் நடந்தோம்.

அத்தை என்னை உள்பக்கமாக விட்டு, தான் வெளிப்பக்கமாக நடந்தாள். எதிரில் ஒரு லாரி வந்தது. பின்னாலிருந்து வந்த வெள்ளைக் கார் லாரிக்கு ஒதுங்கியது. பிரேக் சத்தம் கேட்டு நான் திரும்பியபோது என் கையைப் பிடித்திருந்த கை இல்லை. அத்தை கற்களைத் தாண்டி மல்லாட்டையின்மேல் கிடந்தாள்.

காரை ஓட்டிவந்தவர் நல்ல மனிதர். அவர் கெட்டவராக இருந்து, நிற்காமல் போயிருந்தால் எனக்கு இன்றைக்கு இவ்வளவு உறுத்தல் இருந்திருக்காது. அவர் ஓடிவந்து, "எழுந்துக்காதீங்கம்மா, கால ஆட்டாதீங்க" என்றார். அத்தை அதற்குள் எழுந்து தாவணியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஒண்ணும் இல்லீங்க. நீங்க போங்க" என்றாள்.

"ஒண்ணும் இல்லன்னு நீங்க சொல்லக் கூடாதும்மா, டாக்டர் சொல்லணும். ஏறுங்க. திண்டிவனத்துல காட்டிட்டு நானே இட்டுக்கினு வந்து வுட்டுட்றேன்."

அத்தை சுற்றும்முற்றும் பார்த்தாள். தூரத்தில் புளியமரத்தடியில் மல்லாட்டைக்குக் காவல் இருந்தவர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினார். வேறு ஆள் இல்லை. அடிபட்டவள் உதவிக்கு ஆள் தேடுகிறாள் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அவளோ யாரும் பார்த்துவிடவில்லையே என்று பார்த்தாள். நாளை மறுநாள் பெண் பார்க்க வரப்போகிறார்கள். இன்றைக்கு முன்பின் தெரியாத ஆணின் காரில் ஏறினாள் என்று ஊரில் ஒரு வாய் சொன்னால் போதும்.

அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் பெட்ரோல் போட்ட ரசீதின் பின்பக்கத்தில் பேரையும் விலாசத்தையும் எழுதி நீட்டினார். அத்தை கை நீட்டவில்லை. என்னிடம் கொடுத்துவிட்டு, "பாப்பா, வூட்ல பெரியவங்ககிட்ட குடுத்துடணும். எதுவா இருந்தாலும் நான் வந்து நிப்பேன்னு சொல்லு" என்றார். கார் போய் மறைகிறவரை அத்தை நிமிர்ந்து நின்றாள். மறைந்த பிறகு கீழே உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மண்பாதையில் திரும்பியதும் முதல் வேலையாக, "அந்தச் சீட்டக் கிழிச்சிப் போடு பாப்பா. ஆம்பள பேரு எழுதின சீட்டு நம்மகிட்ட இருந்தா என்னான்னு நெனைப்பாங்க?" என்றாள். வாய்க்காலில் கொஞ்சம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் சீட்டை எட்டாகக் கிழித்து ஒவ்வொன்றாக விட்டு, எது முந்துகிறது என்று பார்த்தேன். மூன்றாம் வகுப்பு படித்த எனக்கு நன்றாக வாசிக்கத் தெரியும். அதில் எழுதியிருந்த பேரை ஒருமுறை வாசித்திருக்கலாம். எத்தனையோ தடவை கண்ணை மூடி யோசித்துவிட்டேன், காகிதம் மிதந்து போனதுதான் ஞாபகம் இருக்கிறது.

பிறகு அத்தை கையை நீட்டினாள். "கார் இடிச்சத யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு உங்கம்மா மேல சத்தியம் பண்ணு. வரப்புல கால் பெசகி வுழுந்துட்டேன்னுதான் சொல்லணும்."

நான் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். சத்தியம் என்பது எனக்கு விளையாட்டு இல்லை. என்னோடு படித்த பெண் ஒருத்தி, கொய்யாக்காய் திருடவில்லை என்று தன் வீட்டுக் கன்றுக்குட்டிமேல் பொய்ச் சத்தியம் செய்து, ஒரே வாரத்தில் கன்றுக்குட்டி வயிறு ஊதிச் செத்துப்போயிருந்தது. செத்த கன்றை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

வீட்டில் சொன்னபடியே சொன்னோம். அம்மா உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். முழங்காலுக்குக் கீழே வீங்கிப் பளபளவென்று இருந்தது. வெள்ளிக்கிழமை வந்தவர்கள் காபி குடித்து முடித்ததும், மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே, "பொண்ண ஒரு தபா அந்தாண்ட போயி ஒரு சொம்பு தண்ணி எடுத்தாரச் சொல்லுங்க" என்றாள். தாகத்துக்காகக் கேட்கவில்லை, நடையைப் பார்க்கத்தான் கேட்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். அத்தை போனாள், வந்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை, காலைத் தாங்கி நடக்கவும் இல்லை. மேலுதட்டில் மட்டும் வேர்த்திருந்தது. பெண்ணுக்கு வெட்கம் என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள். ரகசியம் தெரிந்த ஒரே ஆள் என்ற பெருமையில் நான் நிலைகொள்ளாமல் இருந்தேன். அன்றைக்கே தட்டு மாற்றிவிட்டார்கள்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. அதற்குள் வீக்கம் வற்றியிருந்தது, ஆனால் கால் லேசாக வெளிப்பக்கம் இழுத்தது. கேட்டால் செருப்பு கடிக்கிறது என்பாள். மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு அக்கினியைச் சுற்றியதால் அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை.

ஆடிக்கு அப்பா போய் அவளை அழைத்துவந்தபோது தெருவே பார்க்கிறபடி தாங்கித் தாங்கி வந்தாள். ஆவணி பிறந்ததும் புகுந்த வீட்டார் வந்து அழைத்துப்போக வேண்டும். பிறந்து பத்து நாளாகியும் யாரும் வரவில்லை. பிறகு மாமனார், மாமியார், அவர்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் என்று மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை. வந்தவர்கள் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"நொண்டிப் பொண்ண மறைச்சிக் கட்டி வச்சிட்டீங்களே" என்று மாமியார் ஆரம்பித்தாள். "பொறவி ஊனம்னா நாளைக்குப் பொறக்கறதுக்கும் வருமே, நாங்க இன்னா பண்ணுவோம்?"

என் தங்கைக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை என்று அப்பா கற்பூரம் அணைக்காத குறையாகச் சொன்னார். அப்போது கதவுக்குப் பின்னால் நின்ற அத்தை வெளியே வந்துவிட்டாள். "பொறவி இல்லீங்க. நீங்க பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னால கார் இடிச்சிடுச்சி. பயந்துக்கினு சொல்லாம வுட்டுட்டேன்" என்றாள். அப்பாவும் அம்மாவும் அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே, அவர்களுக்கும் இது புதுச் செய்தி என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"எந்தக் காரு? யாரு பாத்தது? ஆஸ்பத்திரிச் சீட்டு எங்க?" என்று மாமியார் அடுக்கினாள்.

ஊர்ப் பெரியவர் கையமர்த்தினார். "இரும்மா. கார் இடிச்சது நெசம்னா அது விதி. நாமளே இட்டுக்கினு போயி வைத்தியம் பாப்போம். யாரும்மா கூட இருந்தது?"

அத்தை என்னைக் காட்டினாள். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அம்மா எனக்கு நேர் எதிரில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லு பாப்பா, பரவால்ல. நான் சொல்றேன் இல்ல, சொல்லு" என்றாள் அத்தை.

சத்தியம் வாங்கியவளே சொல்லச் சொன்னால் சொல்லலாமா என்பதைப் பற்றி எங்களுக்குள் பேச்சே நடக்கவில்லை. சத்தியம் அம்மாமேல். போனால் போவது அம்மா. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் நெற்றியில் குங்குமம் வேர்வையில் கரைந்திருந்தது.

"கார் எதுவும் வரல. அத்த வரப்புல கால் பெசகி வுழுந்துச்சி" என்றேன். கற்றுக்கொடுத்ததை ஒரு வார்த்தை தவறாமல் சொன்னேன்.

"கொயந்த வாயில பொய் வராதுப்பா. வரப்புல வுழுந்ததுக்கா இத்தினி மாசம் நொண்டுவாங்க?" என்று ஊர்ப் பெரியவர் எழுந்து துண்டை உதறிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல அதிகமில்லை. அத்தை கதை கட்டிவிட்டாள் என்று நம்பிய அப்பா, அவமானத்தில் அவளோடு பல மாதம் பேசவில்லை. மறுவருஷம் வலி தாங்காமல் விழுப்புரத்தில் படம் எடுத்துப் பார்த்தபோது, முழங்காலுக்குக் கீழே எலும்பு விரிசல் விட்டுக் கோணலாகச் சேர்ந்திருந்தது. அன்றைக்கே வந்திருந்தால் ஆறு வாரக் கட்டோடு போயிருக்கும் என்றார் டாக்டர். அப்பா அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு வல்லத்துக்கு ஓடினார். அதற்குள் மாப்பிள்ளைக்கு வேறு கல்யாணம் ஆகியிருந்தது. அத்தை கோலியனூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு வேலைக்குப் போய், ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போட்டாள். பிறகு அவளை யாரும் பெண் பார்க்க வரவில்லை.

சத்தியத்துக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குப் பதினைந்து வயதிலேயே தெரியும். தெரிந்து என்ன? அம்மாவுக்கு ஒரு தலைவலி வந்தாலும் நான் அவளை விட்டு நகரமாட்டேன். நான் காலேஜ் முடித்து வேலைக்குப் போன பிறகு, அம்மா மஞ்சள் காமாலையில் இறந்தாள். காரியம் முடிந்த மறுநாள்தான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை, "அது கொயந்தண்ணே. நான் வாங்கின சத்தியம்" என்று எனக்காகப் பேசினாள். அதை என்னால் தாங்கவே முடியவில்லை.

ஆனால் வல்லத்துக்காரர்கள் எழுந்துபோன அந்தச் சாயங்காலம் எனக்கு எந்தத் துக்கமும் இருக்கவில்லை. அம்மா அடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு தடவை போய் அவளைத் தொட்டுப் பார்த்தேன். எதுக்குடி இப்படி வந்து வந்து ஒட்டுகிறாய் என்று திட்டினாள். திட்டும் அளவுக்கு நன்றாக இருந்தாள்.

அத்தை தோட்டத்தில் துவைக்கிற கல்மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் ஓடிப்போய் அவள் காதோடு, "எல்லாரும் கேட்டாங்க, நீகூட கேட்ட, நான் சொல்லவே இல்ல பாத்தியா. எங்கம்மாவக் காப்பாத்திட்டேன்" என்றேன்.

அத்தை என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ஆமா பாப்பா, காப்பாத்திட்ட" என்றாள்.

அவள் அழுதுகொண்டிருந்தாள். என்னை நினைத்துப் பெருமைப்பட்டு அழுகிறாள் என்று நினைத்து, நான் அவள் மடியிலேயே சிரித்துக்கொண்டு கிடந்தேன்.