அம்மா நாற்பத்து நாலு தடவை குனிந்த காலை

அம்மாவுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தது நான்தான். யாரும் கேட்கவில்லை. கல்லூரி இறுதியாண்டில் கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. எதைக் கற்றுக்கொண்டாலும் அன்று சாயங்காலமே இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அம்மா கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபிஸில் வேலை பார்த்தாள். ஆபிஸ் என்றால் நாற்காலி மேசை கிடையாது. தரையில் சாக்கை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாள் முழுக்கப் பெட்டிக்குள் குச்சி அடைக்க வேண்டும். பதினான்கு வருடமாக அவளுக்கு ஜன்னலோரத்தில் ஒரே இடம். காற்று வரும் இடம் என்பதால் அதற்குப் போட்டி உண்டு. பத்து நாள் போகாவிட்டால் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். சாயங்காலம் ஆபிஸ் வேனிலிருந்து இறங்கும்போது ஒரு கையால் கதவைப் பிடித்து, இன்னொரு கையை இடுப்பில் ஊன்றித்தான் நிமிர்வாள். அதைப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன்.

“நேரா நின்னு, முட்டி மடங்காம குனிஞ்சு கால் விரலைத் தொடணும். பதினஞ்சு தடவை.”

“என்னட்டி, காலங்காத்தால என்னைய சர்க்கஸ் காட்டச் சொல்லுத?”

“முதுகு வலி போகும்மா.”

“பத்துன்னு வச்சுக்கோயேன்.”

“கத்திரிக்காயா வாங்குதோம், பேரம் பேச?”

காலண்டர் தாளின் பின்பக்கம் நாள்வாரியாகக் கட்டம் போட்டு, செய்தால் டிக் அடித்தேன். வலித்தால் என்ன செய்வது என்று அதில் எழுதவில்லை. வீடியோவில் சொல்லியிருப்பார்கள். அந்த இடத்தை நான் ஓட்டிவிட்டுத்தான் பார்த்திருப்பேன்.

ஒரு வாரம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஆபிஸில் வேலை நெருக்கியது, வேன் விடியுமுன்பே வந்தது. இரண்டு நாள் கட்டம் காலி. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பல் துலக்கிவிட்டு நான் உள்ளே வந்தபோது அம்மா குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தாள். வாய்க்குள் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று எண்ணிக்கை.

“எதுக்கும்மா இவ்வளவு?”

“ரெண்டு நாள் விட்டுப்போச்சுல்லா. சேத்து முடிச்சிருதேன்.”

ஆபிஸில் அப்படித்தான். இன்று குறைந்த பெட்டியை நாளை சேர்த்து அடைத்துக் கொடுத்தால் சூப்பர்வைசர் ஒத்துக்கொள்வார். உடம்பும் ஒத்துக்கொள்ளும் என்று நினைத்திருக்கிறாள். நான் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சிரித்தேன். கூடவே எண்ணவும் செய்தேன். நாற்பத்து நாலில் குனிந்தவள் நிமிரவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்தபடி, “ஏட்டி, பிடி” என்று மட்டும் சொன்னாள், மெதுவாக.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தரும் அக்கா அம்மாவிடம் எல்லாம் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“நாள் பூரா கூன் போட்டு உக்காந்திருக்கவியள மறுபடியும் குனியச் சொல்லிருக்க.”

திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். வலி குறைந்த பிறகு மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பை லேசாகத் தூக்கி இறக்க வேண்டும், ஐந்தே தடவை என்றார். சுளீரென்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தினமும் பத்து நிமிடம் சமதரையில் நடக்க வேண்டும். “விட்ட நாள் விட்டதுதான். சேத்துச் செய்யக் கூடாது. உக்காந்து பாக்குற வேலைன்னா அரைமணிக்கு ஒருக்கா எந்திரிச்சு நடங்க.”

“எங்க ஆபிஸ்ல அப்படி எந்திரிச்சா வேலை ஓடுமா தாயி?” என்றாள் அம்மா.

அந்த அக்கா சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

நான்கு மாதமாகிறது. அம்மா வேலைக்குப் போகவில்லை. தினமும் ஐந்து தடவை. பிறகு நடை. மழை பெய்தால் கரிசல் மண் செருப்பில் அப்பி ஒவ்வொரு காலும் கனத்துவிடும் என்பதால் தார் ரோட்டில்தான் நடக்கிறோம். வேன் வரும் ரோடும் அதுதான். முதலில் டிரைவர் எங்களைப் பார்த்ததும் வேகத்தைக் குறைப்பார். அம்மா கையசைத்துப் போகச் சொல்வாள். அப்படி ஒரு நாள் உள்ளேயிருந்து அவள் தோழி தலையை நீட்டினாள்.

“ஒன் இடத்துல ஒரு புதுப்பிள்ள உக்காந்திருக்கு மதினி. வெரசாத்தான் அடைக்கா.”

“உக்காரட்டும். காத்து வரும், நல்ல இடம்.”

இன்று காலை வேன் வேகத்தைக் குறைக்காமலே போனது. அது திருப்பத்தில் மறையும்வரை அம்மா நின்று பார்த்தாள்.

“இன்னும் ரெண்டு நிமிசம் இருக்கும்மா,” என்றேன் கைப்பேசியைப் பார்த்து.

“போதும்ட்டி” என்று வீட்டைப் பார்த்துத் திரும்பினாள். இடுப்பில் கை வைத்திருந்தாள். அந்த இரண்டு நிமிடத்தை நான் நாளைக்குச் சேர்க்கவில்லை.