காய்ந்த துணியைக் காயப்போட்ட ஞாயிறு

குவானபகோவா ஊரில் ஒஸ்மெல் எங்கே என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பாதரசம் என்றால் உடனே கை காட்டுவார்கள். உட்கார்ந்தால் முட்டி ஆடும், நின்றால் விரல் ஆடும். தூங்கும்போதாவது சும்மா இருப்பானா என்று அவன் மனைவி யாமிலாவைக் கேட்டால், "அப்பவும் கட்டில் ஆடுது. அக்கம்பக்கத்துல வேற என்னமோன்னு நெனச்சுக்கறாங்க" என்பாள்.

பிறவிக் குணம் இல்லை அது. இளவயதில் பட்டாளத்தில் ஒரு ராடார் குன்றில் அவனுக்கு வேலை. அங்கே எவெலியோ என்று ஒரு கூட்டாளி. ராடாரின் வாயருகே போய் நின்று, "கதகதன்னு சொகமா இருக்குடா" என்று தினமும் முகத்தைக் காட்டுவான். கண்ணுக்குத் தெரியாதது கண்ணையே தின்றது. இரண்டு கண்ணும் அவித்த முட்டைபோல் வெளுத்துப்போக, அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்துதான் ஒஸ்மெலுக்கு ஓர் இடத்தில் நிலைகொள்ளவில்லை. காற்று வெறுங்காற்று இல்லை, எந்நேரமும் ஏதோ ஒன்று தன்னைத் துளைத்துப் போய்க்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு. பயந்தான். அந்தப் பயத்திலேயே அலைகளைப் படித்தான். எதைத் துளைக்கும், எதில் முட்டித் திரும்பும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

ஊர் திரும்பியதும் அந்தப் படிப்புதான் சோறு போட்டது. அவன் கூரையில் ஒரு நீலப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. உள்ளே சொட்டுத் தண்ணீர் கிடையாது. அடியை அறுத்துக் கவிழ்த்து, அதற்குள், கடலுக்கு அப்பாலிருந்து வரும், அரசாங்கம் தடைசெய்த மயாமி சேனல்களைப் பிடிக்கும் டிஷ்ஷை ஒளித்திருந்தான். தகரம் என்றால் அலை முட்டிக்கொண்டு திரும்பிவிடும், பிளாஸ்டிக்கை அது சட்டை செய்யாது. அங்கிருந்து தெருவில் பாதி வீடுகளுக்குத் திருட்டுக் கம்பி போனது.

"இதால தலவலி வருமாமே?" என்று யாராவது கேட்டால், "இது வாங்குற தட்டு, குடுக்குற தட்டு இல்ல. தலவலி வந்தா ஜீப்புலதான் வரும்" என்பான். அது உண்மை. ஜீப்பில் வரும் சோதனைக்காரர்களிடம் பிடிபட்டால் டிஷ்ஷும் போகும், அவனும் உள்ளே போவான்.

பக்கத்து வீட்டு நெரைதாவுக்கும் அவனுக்கும் ஒரே கூரை. மாடிப்படி அவள் முற்றத்தில் இருந்தது. அவள் மகன் எலிசேயோ, வீட்டுச் சட்டி பானையை எல்லாம் தாளம் போட்டே நசுக்கியவன், ஒரு விடியலில் படகேறி மயாமி போய்ப் பல வருடம் ஆகிறது. போட்டோ வரும், ஆள் வர முடியாது. அந்த ஞாயிறு மயாமி சேனலின் பகல் நிகழ்ச்சியில் அவன் கொங்கா மேளம் வாசிக்கிறான் என்று சேதி வந்தது. மகனின் முகம் அசைவதை இத்தனை காலத்துக்குப் பின் பார்க்கப்போகிறாள். சனிக்கிழமையே நெரைதா தலைமுடிக்குச் சுருள் சுற்றிக்கொண்டாள், அவன்தான் இவளைப் பார்க்கப்போகிறான் என்பதுபோல.

ஞாயிறன்று அவள் படுக்கையறை டிவி கறுத்துக் கிடந்தது.

ஒஸ்மெல் மாடிக்கு ஓடினான். நீலத் தொட்டி பளபளவென்று வெள்ளியாய் நின்றது. பக்கத்தில் யாமிலா, பெருமையோடு.

"என்னடி பண்ணித் தொலச்ச?"

"தெருவுல எல்லாத் தொட்டிக்கும் அலுமினிய பெயின்ட் அடிச்சிருக்காங்க. நம்மளது மட்டும் நீலமா நின்னா சந்தேகம் வராதா? விடியக்காலைல நீ எந்திரிக்கறதுக்குள்ள ரெண்டு தடவ பூசிவிட்டேன்."

"அது அலுமினியப் பொடிடி! போலீஸுக்கு மறச்ச, சரி. சாட்டிலைட்டுக்கும் மறச்சிட்டியே!"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. சுரண்ட நேரமில்லை. தொட்டியைத் தூக்கிக் கிடாசினான். பட்டப்பகலில் டிஷ் அம்மணமாக நின்றது. தெருமுனையில் சோதனைக்காரர்களின் ஜீப் வந்து நின்றதும் அப்போதுதான்.

"துணியப் போட்டு மறைங்கடி!" என்று யாமிலா கத்தினாள். சுற்றுக் கூரைகளிலிருந்து பெண்கள் துவைத்த போர்வைகளை அள்ளிவந்து டிஷ்ஷைச் சுற்றிக் கட்டினார்கள். கீழேயிருந்து நெரைதா, "இப்பத்தான் படம் வந்துச்சு, மறுபடி போச்சு!" என்று அலறினாள்.

"ஈரத்துணி வேணாம்! தண்ணி அலையக் குடிச்சிரும்! காஞ்சதக் கொண்டாங்க!"

காய்ந்தது கட்டிலில்தான் இருந்தது. தூங்கிக்கொண்டிருந்த புருஷன்மாரை உருட்டிவிட்டு விரிப்புகளை உருவிவந்தார்கள். படம் வந்தது. ஒஸ்மெல் படியிறங்கி நெரைதாவின் அறைக்குள் வந்தபோது திரையில் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். வாசல் கதவு தட்டப்பட்டது.

அதிகாரி படியேறினால் எல்லாம் முடிந்தது. நெரைதா எழுந்தாள். திரையைத் திரும்பிப் பார்த்தால் போகமாட்டோம் என்று தெரிந்தோ என்னவோ, பார்க்கவில்லை.

"நீ பாரு. ஒண்ணு விடாம பாத்துச் சொல்லு. சத்தத்தக் கொறச்சிரு" என்று சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

சத்தத்தை முழுவதும் அணைத்துவிட்டு ஒஸ்மெல் உட்கார்ந்தான். சுவருக்கு அப்பால் குரல்கள் கேட்டன.

"மேல காஞ்ச துணிய எதுக்கும்மா காயப்போட்டிருக்கீங்க?"

"மூட்டப்பூச்சி, தோழரே. தெருப்பூரா பரவிருச்சு. தாராளமா ஏறிப் பாருங்க. எறங்குனதும் சட்டைய உதறிட்டு ஜீப்புல ஏறுங்க, அவ்வளவுதான்."

படிப்பக்கம் போன பூட்ஸ் சத்தம் பாதியில் நின்று திரும்பியது. "காப்பி இருக்கா?" என்றார் அதிகாரி. அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. பாவி மனுஷன் சாவகாசமாகக் குடித்தார்.

திரையில் எலிசேயோ சத்தமில்லாமல் மேளம் அடித்தான். ஒஸ்மெலின் முட்டி ஆடவில்லை, விரல் ஆடவில்லை. கண் கொட்டக்கூட அஞ்சினான். வந்த அலை போனால் போனதுதான், அதை இழுத்துவந்து மறுபடி காட்ட அவனுக்கும் தெரியாது.

நெரைதா திரும்பி வந்தபோது திரையில் சோப்பு விளம்பரம்.

"மெலிஞ்சிருக்கானா?"

"நல்லாச் சதை போட்டிருக்கான்க்கா. பச்சச் சட்ட. முன்னால முடி போயிருச்சு."

"எப்படி வாசிச்சான்?"

"சத்தம் இல்லையே அக்கா. கையத்தான் பாத்தேன்." நாற்காலிப் பலகையில் தான் பார்த்ததை அப்படியே அடித்துக் காட்டினான். ஓர் இடத்தில் நிறுத்தினான். "இங்க வந்தா அவன் கை அந்தரத்துலயே நிக்குது. எனக்கு வெளங்கல. ஒவ்வொரு தடவையும் அதே எடத்துல ஒரு அடிய விட்டுர்றான்."

நெரைதா வாயைப் பொத்திக்கொண்டாள். "சட்டியில அடிக்கறப்பவும் அங்க விட்டுருவான். நான் திட்டிக்கிட்டே இருப்பேன்" என்றாள்.

பிறகு கட்டிலில் அவனெதிரே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"மொதல்லேருந்து அடி."