மூணு தடவை கூப்பிட்டாச்சு

அந்தக் கண் மருத்துவமனையில் அவளுக்கு மைக்கம்மா என்று பெயர். பதினோரு வருஷமாகக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து டோக்கன் எண்களைக் கூப்பிடுகிறாள். மூன்று தடவை கூப்பிடுவாள். ஆள் வராவிட்டால் பதிவேட்டில் பெயருக்கு நேரே ஒரு சிவப்புக் கோடு. மூன்று கோடு விழுந்தால் அறுவைச் சிகிச்சைப் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். யாராவது சண்டைக்கு வந்தால், "கூப்பிட்டப்ப காதை எங்க அடமானம் வெச்சீங்க?" என்பாள். தன் குரல் வெண்கலம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

ஒரு புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, நாத்தனாரைக் கண் சோதனைக்கு அழைத்து வந்தாள்.

"கூண்டுக்குள்ள போய்டாதீங்க அண்ணி. இன்னைக்கு ஒருநாளாவது மனுஷங்க மாதிரி என்கூட உக்காருங்க," என்று நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முன் பெஞ்சுகள் நிரம்பியிருந்தன. கடைசி வரிசைதான் கிடைத்தது. அங்கிருந்து அந்த ஹாலை அவள் பார்த்ததே இல்லை.

பக்கத்தில் ஒரு தச்சர். வலது கண்ணில் புரை வெள்ளையாகத் தெரிந்தது. ஓயாமல் முன்னால் எட்டி எட்டிப் பார்த்தார்.

"யாரைத் தேடுறீங்கண்ணே?"

"நம்பர் எங்க ஓடுதுன்னு பாக்குறேம்மா. என்னுது நாப்பத்திரெண்டு. ஏற்கெனவே ரெண்டு கோடு. இன்னைக்கும் விட்டா பேரையே எடுத்துருவாங்க. அரைக் கண்ணை வெச்சுக்கிட்டு ரம்பம் இழுக்குறேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனா, பொண்டாட்டி விரலை எண்ணிப் பாத்துட்டுத்தான் சோறு போடுறா."

"முன்னாடி போய் நிக்கலாம்ல?"

"வாட்ச்மேன் விரட்டுறான். இங்க உக்காந்தா ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. அந்த மைக்கம்மா வாயில பஞ்சை வெச்சுக்கிட்டுத்தான் பேசும்."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மைக்கம்மாவுக்குச் சுருக்கென்றது.

"அவங்க தெளிவாத்தான் பேசுவாங்க. நீங்கதான் பேச்சு சுவாரசியத்துல கோட்டை விட்டிருப்பீங்க."

"சரி, இப்ப என்ன சொன்னாங்க? நீங்க சொல்லுங்க."

அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். இன்று கூப்பிடுவது மாற்று ஆளாக வந்த பெண். அவளும் கணீரென்று பேசுகிறவள்தான். ஆனால் இங்கே வந்து சேர்ந்தது தகரத்தில் மணலைக் கொட்டுகிற சத்தம். நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியின் ஒயர் அறுந்து தொங்கியது. அறுந்த முனையிலும் பெயிண்ட் ஒட்டியிருந்தது. ஹாலுக்குப் பெயிண்ட் அடித்து நாலு வருஷம் ஆகிறது. ஒயர் அதற்கு முன்பே அறுந்திருக்கிறது.

எழுந்து முன்னே நடந்தாள். நடு வரிசையைத் தாண்டியதும் குரல் சட்டென்று தெளிந்தது.

"நாற்பத்திரண்டு. மூன்றாவது முறை."

"இருக்காரு," என்றாள். குரல் கூண்டுவரை எட்டவில்லை. ஓடிப்போய்க் கூண்டின் கதவைத் தள்ளுவதற்குள் கோடு விழுந்துவிட்டது.

"மூணு தடவை கூப்பிட்டாச்சுக்கா," என்றாள் அந்தப் பெண், பேனாவை மூடியபடி. "அதுக்கு மேல பாவம் பாத்தா வேலை ஓடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

கோட்டை ரத்து செய்யக் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது மேலதிகாரியிடம் போகும். இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பார்கள். வேலைக்கே உலை வைத்தாலும் வைக்கலாம். அவள் பேனாவை வாங்கினாள். 'நான்கு வருடமாகக் கடைசி வரிசைக்கு அறிவிப்பு கேட்கவில்லை. நான் கவனிக்கவில்லை' என்று எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது.

நாத்தனார் தச்சரை அழைத்து வந்தாள். அவர் பதிவேட்டையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்கதானா அது?"

அவள் தலையாட்டினாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"என்கூட பஸ்ஸுல ஒரு தையல்காரம்மா வரும். மூணு கோடு விழுந்து ஆறு மாசமாச்சு. இப்ப வர்றதில்ல. ஊசியில நூல் கோக்க பக்கத்து வீட்டுப் புள்ளையக் கூப்பிடுதாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மைக்கம்மா பழைய பதிவேடுகளை இழுத்துப் போட்டாள். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. எல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள். இதில் யார் நிஜமாகவே வராதவர், யார் வந்து காத்திருந்தவர்? எதை வைத்துப் பிரிப்பது?

'தொழில்: தையல்' என்று ஒரு வரி கண்ணில் படும்வரை புரட்டினாள். மேலும் தேட, மூன்று கோடு விழுந்த தையல்காரிகள் நாலு பேர் கிடைத்தார்கள். நாலு விலாசத்தையும் எழுதிக்கொண்டாள்.