வழுவழுப்பான சரிவில் நான் போட்ட கையெழுத்து

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான் வேலைக்குப் போனபோது, வெள்ளிக்கிழமை நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட சரிவின் மேல்மண்ணில் பாதி, கீழே சேற்றுக் குட்டைக்குள் கிடந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மழை. சரிவின் உச்சியிலிருந்து அடிவரை வரிவரியாய்ப் பள்ளங்கள். சில இடங்களில் என் பூட்ஸ் முழுதாய் உள்ளே போனது.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வெரிபீ நகரில் எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணித்தியாலம் மேற்கே போனால், தோண்டி முடித்துப் பல காலமாய்க் கிடக்கும் ஒரு திறந்த நிலக்கரிச் சுரங்கம். செங்குத்தாய் நிற்கும் குழிச் சுவர்களைச் சாய்த்துச் சரிவாக்கி, மேல்மண் பரப்பி, அந்த நிலத்துக்குரிய மரமும் புல்லும் முளைக்கவைப்பதுதான் எங்கள் வேலை. சரிவு நிற்கவேண்டும், செடி பிடிக்கவேண்டும். கழுவி வரும் சேற்றைப் பிடிக்க அடியில் ஒரு குட்டை. குட்டை நிரம்பினால் சேறு நேரே ஓடைக்குத்தான் போகும்.

நான் அங்கே சேர்ந்து அப்போது நாலு மாதம். அம்மாவும் அப்பாவும் ஊரில் போருக்குள் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான்தான் முதல். பல்கலைக்கழக வாசலை மிதித்தவளும் நான்தான் முதல். 'இந்தச் சரிவு முடிந்தது' என்ற தாளில் நான் கையெழுத்து வைத்தால்தான் இயந்திரங்கள் அடுத்த இடத்துக்கு நகரும். அந்த அதிகாரம் எனக்குக் கிடைத்த அன்று, அப்பா ஸ்பிரிங்வேலில் இருக்கும் பெரியப்பாவுக்குப் போன் எடுத்து அரை மணித்தியாலம் பேசினார். எனக்கும் பெருமைதான். மறைக்க ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை நடந்தது

பாலா அண்ணை எங்கள் மண் தள்ளும் டோசரின் ஓட்டுநர். வன்னியில் வயல் உழும் ரக்ரர் ஓட்டியவர், இங்கே வந்து பன்னிரண்டு வருடமாய் டோசர். அவர் முடித்த சரிவு இஸ்திரி போட்ட சேட் மாதிரி இருக்கும். அன்று பின்னேரம் முன்னாலிருக்கும் இரும்புப் பிளேட்டைத் தரையோடு வைத்து, டோசரைப் பின்னுக்கு இழுத்து இழுத்து, கடைசி மண்கட்டியையும் நொறுக்கி மட்டமாக்கிவிட்டு இறங்கினார்.

"எப்பிடித் தங்கச்சி, வடிவா இருக்கோ?"

"சோக்கா இருக்கு அண்ணை. ரோட்டுப் போட்ட மாதிரி."

"ரோட்டோ? உதிலை கரம் போட் விளையாடலாம்!"

வரைபடத்தின் மூலையில் 'மேற்பரப்பைக் கரடுமுரடாக விடவும்' என்று ஒரு வரி இருந்தது. அதை நான் வாசித்தேன். ஏன் அப்படி விடவேண்டும் என்று பரீட்சையில் எழுதி நல்ல புள்ளியும் வாங்கினவள். வழுவழுப்பான சரிவில் தண்ணீர் நிற்காது, வேகம் பிடித்து மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடும். ஆனால் வேலை முடிந்தது என்றால் கூட்டித் துடைத்த முற்றம் மாதிரி இருக்கவேண்டும் என்பது எங்கள் ஆட்களின் இரத்தத்தில் ஊறியது. அவருக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். இவ்வளவு வடிவான ஒன்றைப் பார்த்து 'இதைக் குழப்புங்கோ' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேனையை எடுத்தேன்.

காலைக் கூட்டம்

எங்கள் மனேஜர் கிரெய்க் அதிகம் சத்தம் போடாதவர். திங்கட்கிழமை கூட்டத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று, "பாலா, பிளேட்டைக் கொஞ்சம் கூடுதலாய் இழுத்திட்டாய் போல," என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பாலா அண்ணை தொப்பியைக் கழற்றினார். பத்துப் பேர் அவரைப் பார்த்தார்கள்.

"பார்த்து ஓகே சொன்னது நான்," என்றேன். "கரடுமுரடாய் விடச்சொல்லி வரைபடத்தில் இருக்கு. நான் நிப்பாட்டியிருக்க வேணும்."

கிரெய்க் ஒரு வாய் குடித்தார். "ஐந்து வாரத்தில் சரிவைப் பார்க்க அரசாங்க இன்ஸ்பெக்டர் வருவார். குட்டையில் இன்னும் ஒரு மழைக்குத்தான் இடம் இருக்கு. குவித்து வைத்த ஸ்டொக்பைலில் இருந்து மண் எடுத்துத் திரும்பச் செய்யுங்கள். இதுவும் இறங்கினால் கையெழுத்து இனி என்னுடையது."

வெளியே வந்ததும் பாலா அண்ணை என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் உம்மடை தலையிலை போட்டனீர்? இழுத்தது நான்தானே?"

"கையெழுத்து வைச்சது நான் அண்ணை."

"சரி விடும். மண்ணைக் கொட்டித் திரும்ப வடிவா—"

"வடிவு வேண்டாம். கிழிக்க வேணும்."

"என்னத்தை?"

"சரிவை. மண் பரப்பின பிறகு ரிப்பரை இறக்கி, அரை மீற்றர் ஆழத்துக்குக் குறுக்காலை கிழிக்க வேணும்." ரிப்பர் என்பது டோசரின் பின்னால் இருக்கும் பெரிய இரும்பு நகம்.

அவர் இடுப்பில் கை வைத்தார். "பன்னிரண்டு வருஷத்திலை ஒருத்தரும் என்னட்டை வந்து வேலையைப் பழுதாக்கித் தாங்கோ எண்டு கேட்டதில்லை. நீர்தான் முதல் ஆள்."

"எல்லாத்திலையும் நான்தானே முதல்," என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மண் பரப்பி முடிந்ததும் ரிப்பரை இறக்கினார்.

மாடும் கலப்பையும்

கிழிக்கும் கோடு இம்மியும் இறங்கக்கூடாது. இறங்கினால் கிழித்த அந்தச் சாலே வாய்க்காலாகி, முன்னையதைவிட மோசமாகும். லேசர் லெவலால் மட்டம் பார்த்து, குச்சி நட்டு, ரோஸ் நாடா கட்டிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். பாலா அண்ணை நன்றாய்ப் பின்தள்ளி டோசரில் வந்தார். ரேடியோவில் அவர் குரல்: "முன்னாலை மாடு போகுது, பின்னாலை கலப்பை வருது."

"அப்ப நான் மாடோ?"

"நான் சொல்லேல்லை. நீர்தான் சொல்லுறீர்."

இரண்டாம் நாள் அவருக்குப் பழைய பழக்கம் வந்துவிட்டது. சரிவு வளைகிற இடத்தில் என் குச்சிகளும் வளைந்தன. அவர் நேரே கோடு போட்டார். நான் டோசரை நிறுத்தச் சொல்லி, அவரைக் கூப்பிட்டு, இரண்டு முனையிலும் மட்டம் வைத்துக் காட்டினேன். ஒரு முனை ஒரு சாண் இறங்கியிருந்தது. அவர் லெவலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "சரி மாடு, நட," என்று ஏறிப்போய்த் திரும்பக் கிழித்தார்.

விதைக்கும் ஒரு பாடு இருந்தது. மஞ்சள் பூப் பூக்கும் வாட்டில் மர விதையின் தோல் கல் மாதிரி. கொதிதண்ணீர் ஊற்றினால்தான் முளைக்கும். வேலைத்தளத்தில் தேத்தண்ணிக்கு வைத்திருக்கும் கேத்தில் அதற்குப் போதாது. எங்கள் வீட்டுக் குசினியில் திருவிழாச் சோறு வடிக்கிற பெரிய பானையை அடுப்பில் வைத்தேன்.

"விதையை அவிச்சா முளைக்குமே? உனக்கு ஆர் படிப்பிச்சது?" என்றார் அம்மா.

"அவிக்கேல்லை அம்மா. ஊத்தி, ஆற விடுறது."

"முளைச்சா எனக்கு ஒரு மரக்கண்டு கொண்டு வா. இல்லாட்டிப் பானையை மினுக்கித் தா." கடைசியில் மினுக்கியது அம்மாதான்.

மழை

விதை போட்ட ஒன்பதாம் நாள் மழை வந்தது. இயந்திர வேலை இல்லை என்று எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் மழைக் கோட்டோடு சரிவில் ஏறினேன். எனக்கு முன்னால் மஞ்சள் கோட்டோடு ஒருவர் நின்றார். பாலா அண்ணை.

ஒவ்வொரு சாலிலும் தண்ணீர் வயல் வரம்புக்குள் நிற்கிற மாதிரி நின்றது. ஓடவில்லை. வளைவுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சாலில் தண்ணீர் விளிம்புவரை ஏறி, கரை கரையத் தொடங்கியிருந்தது. அது உடைந்தால் கீழே உள்ளதும் உடையும், அதற்குக் கீழே உள்ளதும் உடையும்.

"சவல் எங்கை?" என்று கத்தினார். என் காரில் இரண்டு மண்வாரிகள் இருந்தன. இருவருமாய்ச் சேற்றை வெட்டி, கரையில் அப்பி, மிதித்து உயர்த்தினோம். அவர் மிதித்த இடத்தைச் சவலால் தட்டி வழுவழுப்பாக்கப் பார்த்தார். "அண்ணை!" என்றேன். "பழக்கம், பழக்கம்," என்று கையை எடுத்தார். சால் உடையாமல் நின்றது. மத்தியானம் மழை விட்டபோது குட்டையின் அளவுகோலைப் பார்த்தேன். தண்ணீர் இரண்டு விரல்தான் ஏறியிருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று மேலேறும்போதே ஒரு சாலுக்குள் வழுக்கி, முழங்கால்வரை சேறாய் எழுந்தார். சாலின் அடியில், ஈரம் நின்ற இடமெல்லாம், இரண்டிரண்டு இலையோடு கன்றுகள். குனிந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு அவலட்சணமான சரிவைக் கண்டு கனகாலம். யார் செய்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பாலா அண்ணை என்னை முந்திக்கொண்டு கையைத் தூக்கினார்.

சரிவு தேறியது, கையெழுத்து என்னிடமே இருக்கிறது. புதிதாய் இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: வெயிலில் நின்று பார்த்த சரிவு பாதிதான் பார்த்த சரிவு. முதல் மழையில் போய் நின்று, தண்ணீர் எங்கே போகிறது என்று கண்ணால் காணாமல் எந்தத் தாளிலும் 'முடிந்தது' என்று எழுதாதீர்கள். வானம் இருட்டினால் எனக்கு இப்போதும் போன் வரும்.

"தங்கச்சி, தூறுது. நான் வெளிக்கிட்டிட்டன். நீர் இன்னும் படுக்கையோ?"