எண்பது பேருக்காகப் பயிற்சி பெற்ற வேலுத்தாய்

வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் எண்பது பேர் வேலை பார்க்கிறார்கள். எண்பது பேரும் பாதுகாப்புப் பயிற்சி பெற்றவர்கள் என்று பதிவேடு சத்தியம் செய்கிறது. அத்தனை பேருக்கும் பதிலாகப் பயிற்சிக்குப் போய்வருபவர் ஒருவரே: வேலுத்தாய், வயது நாற்பத்தொன்று.

இந்தப் பெருமை வாய்த்ததற்குக் காரணம், அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காததுதான். செய்கிற எண்ணிக்கைக்குத்தான் கூலி. கை வேகம் உள்ளவர்கள் ஒரு நாளை வீணாக்குவார்களா? ஆகவே இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கிடா நேர்ந்துவிடுவதுபோல, பயிற்சிக்கு வேலுத்தாயை நேர்ந்துவிட்டிருந்தார்கள்.

இதுவரை பதினோரு பயிற்சிகள். மயங்கி விழுந்தவராக மட்டும் ஆறு முறை நடித்திருக்கிறார். நனைந்த வெடிமருந்தைத் தொடக்கூடாது, தண்ணீர் ஊற்றக்கூடாது, போட்டது போட்டபடி தூரமாக ஓட வேண்டும், எல்லாம் மனப்பாடம். கேட்கத்தான் ஆளில்லை.

புரட்டாசி, சீசன் உச்சம். நான்கு பேர் மட்டும் என்று சுவரில் எழுதியிருந்த அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். முந்தின நாள் மிஞ்சிய மருந்தைப் போர்மேன் முனியராஜ் அழிக்காமல் மூலையில் மூடி வைத்திருந்தார். மழையில் கூரை ஒழுகி அது நனைந்திருந்தது. காலை பத்து மணிக்கு அதிலிருந்து இட்லிக் கொப்பரைபோல ஆவி கிளம்புவதை வேலுத்தாய் பார்த்தார்.

“மருந்து சூடாகுது! எல்லாரும் வெளிய ஓடுங்க!”

ஒருவரும் அசையவில்லை.

“வந்துட்டா டீச்சரம்மா,” என்றார் பக்கத்திலிருந்த தங்கத்தாய். “ஏட்டி, படிச்சத இங்கனதான் ஒப்பிக்கணுமா? கையில இருக்கறத முடிச்சிட்டு ஓடுதோம்.”

வாசலில் நின்ற முனியராஜ், “ஈரம் காயுது, அம்புட்டுதான். உக்காருங்க மதினி,” என்றார்.

உயிருக்குப் பயந்து ஓடாதவர்கள் எதற்குப் பயந்து ஓடுவார்கள் என்பது வேலுத்தாய்க்குத் தெரியும். “ஆபீசர் ஜீப்பு கேட்டுக்குள்ள வந்துருச்சு!” என்று கத்தினார்.

முனியராஜ் கேட்டை நோக்கிப் பறந்தார். சோதனையில் சிக்கக்கூடாத கூடுதல் ஆட்கள் மூவரும் அரை நிமிடத்தில் சீமைக்கருவேலங்காட்டுக்குள் மறைந்தார்கள். நான்காவது கூடுதல் ஆள் வேலுத்தாயேதான். ஆனால் சட்டப்படி இருக்க வேண்டிய நால்வர் எழவே இல்லை. தங்கத்தாய் தலைமையில் முந்தானையைச் சரிசெய்து, இடைவெளி விட்டு, போட்டோ எடுக்க வந்தவர்கள்போல அடக்கமாக அமர்ந்தார்கள்.

வேலுத்தாய்க்கு அழுகையே வந்துவிட்டது. “ஏ நாசமாப் போறவளுகளா, உங்க நாலு பேத்தையுந்தான் ஆபீசர் கூப்பிடுதாரு! கையெழுத்துப் போடணுமாம்!”

அரசாங்கக் கையெழுத்து அல்லவா? எழுந்து வந்தார்கள். கேட்டுக்குப் போகும் வழியில் இருந்த வேப்பமரத்தைத் தாண்டும்போது அறை வெடித்தது. எவருக்கும் காயமில்லை. வெடித்த அறை பழுதுபார்ப்புக்காக இடிக்கப்பட்டதாகப் பதிவேட்டில் ஏறியது.

வேலுத்தாய் முதலாளியிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “ரூமுக்கு நாலு பேருக்கு மேல போடாதீக அண்ணாச்சி.”

“சீசன் முடியட்டும்த்தா.”

மறுநாளே அடுத்த அறையில் எட்டுப் பேர். வேலுத்தாய் நான்கு மூலைகளையும் பார்த்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். தங்கத்தாய் நகர்ந்து இடம்விட்டார்.

“உக்காருட்டி. இன்னொரு தடவ ஆபீசர் வந்துட்டாருன்னு கத்திப் பாரு, ஒருத்தியும் எந்திரிக்க மாட்டோம்.”